உறங்கப் போகும் மரத்தை எப்போது கத்தரிப்பது?

பேரங்காடியின் பழப்பகுதியில் ஃபூஜி ஆப்பிளைப் பார்த்திராதவர் நம்மிடையே இருக்கமாட்டார். மெல்லிய கோடுகள் ஓடும் சிவந்த தோல், கடித்தவுடன் கேட்கும் மொறுமொறுப்பு, நாவில் தங்கும் இனிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். ஜப்பானின் புகழ்பெற்ற மலையின் பெயரைத்தான் இப்பழத்திற்குச் சூட்டியிருக்கிறார்கள் என்று பலர் எண்ணுவர். அது பிறந்த ஊரான ஃபூஜிசாகியின் பெயரும் அதில் ஒளிந்திருக்கிறது.

ஃபூஜிசாகி, ஜப்பானின் ஹொன்ஷு தீவின் வடகோடியில் உள்ள அவோமோரி மாநிலத்தைச் சேர்ந்த சிற்றூர். 1939ஆம் ஆண்டு அங்கிருந்த அரசாங்க ஆய்வு நிலையத்தில் இரண்டு ஆப்பிள் வகைகளைக் கலந்து புதிய வகை ஒன்றை உருவாக்கும் பணி தொடங்கியது. அதன் பலனாகக் கிடைத்த பழத்திற்கு 1962இல்தான் ஃபூஜி என்ற பெயர் வந்தது. இன்று ஜப்பானில் விளையும் ஆப்பிள்களில் பாதிக்கும் மேற்பட்டவை அவோமோரியில் விளைகின்றன. அங்கு இத்தொழில் தொடங்கியதோ, 1875இல் அரசாங்கம் அனுப்பிவைத்த மூன்றே மூன்று மரக்கன்றுகளோடுதான். 1878இல் நடப்பட்ட சில மரங்கள் இன்றும் காய்த்துக்கொண்டிருக்கின்றன. ஓர் ஆப்பிள் மரம் நூறாண்டைத் தாண்டியும் பலன் தருவது தற்செயலாக நடப்பதன்று. தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் ஆண்டுதோறும் அதன் கிளைகளை அண்ணாந்து பார்த்து, எண்ணி, அளவறிந்து வெட்டியிருக்கிறார்.

மரத்தின் தேவையற்ற கிளைகளை முறையாக வெட்டி நீக்குவதைக் கத்தரித்தல் என்கிறோம். தேயிலைத் தோட்டங்களில் இதனைக் 'கவாத்து' என்பார்கள். இரண்டும் வெட்டும் வேலைதான் என்றாலும் நோக்கம் வேறு. தேயிலைச் செடியில் நமக்கு வேண்டியது கொழுந்து. ஆப்பிள் மரத்தில் வேண்டியது பழம். ஆகவே, எதை வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, எப்போது வெட்டுவது என்பவை எல்லாம் மாறிவிடுகின்றன. இவற்றுள் 'எப்போது' என்பதே குளிர்நாட்டு விவசாயியை மிகவும் சிந்திக்க வைக்கும் கேள்வியாகும்.

ஃபூஜி பிந்திப் பழுக்கும் வகை. அவோமோரியில் அதனை நவம்பர் மாதத்தில் பறிக்கிறார்கள். பறித்து முடிக்கும்போது இலையுதிர்காலமும் முடியும் தறுவாயில் இருக்கும். இலைகள் உதிர்ந்து மரங்கள் வெறுமையாக நிற்கும். எந்தக் கிளை எங்கே வளைகிறது, எது எதனோடு உரசுகிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். பழம் பறிக்கும் வேலை ஓய்ந்ததால் கையில் நேரமும் இருக்கும். பனி இன்னும் தரையை மூடாததால் ஏணியை எங்கு வேண்டுமானாலும் ஊன்றலாம். மரமும் உறங்கிவிட்டதுபோல் அசைவற்று நிற்கும். கத்தரியைக் கையில் எடுக்க இதைவிட நல்ல வேளை வாய்க்குமா என்று நமக்குத் தோன்றும். ஆனால், குளிர் கடுமையாக உள்ள நாடுகளில் அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் இந்த வேளையில்தான் பொறுமை காக்கிறார்கள். அதற்கான காரணத்தை அறிய, முதலில் மரத்தை ஏன் வெட்டுகிறோம் என்பதைப் பார்ப்போம்.

ஆப்பிள் மரத்தை அதன் போக்கில் விட்டுவிட்டால் அது செத்துப்போகாது, நன்றாகவே வளரும். கிளைகள் நெருங்கி வளர்ந்து, மரத்தின் உட்பகுதி இருண்டுவிடும். வெயில் படாத இடத்தில் பூமொட்டுகள் குறையும். காய்த்த பழமும் நிறம் ஏறாமல் வெளிறிக் கிடக்கும். மழை பெய்தால் இலைகளின் ஈரம் எளிதில் உலராது. அந்த ஈரத்தில் பூஞ்சை நோய்கள் பெருகும். ஓர் ஆண்டு மரம் முழுக்கச் சிறுசிறு காய்களாகக் காய்த்துத் தள்ளும். மறு ஆண்டு களைத்துப்போய், பெயருக்குச் சில பழங்களை மட்டும் தரும். மரத்திற்கு இதனால் இழப்பில்லை. விதை பரவினால் அதற்குப் போதும். பெரிய, சிவந்த, இனிய பழத்தை ஆண்டு தவறாமல் எதிர்பார்க்கும் மனிதனுக்குத்தான் இழப்பு.

இன்னொன்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். வசந்தகாலத்தில் மலரும் ஆப்பிள் பூ வசந்தத்தில் உருவாவதில்லை. முந்திய கோடையிலேயே அதற்கான மொட்டு கிளையில் உருவாகிவிடுகிறது. எனவே, இலையுதிர்ந்த மரத்தை உற்றுப் பார்த்தால் அடுத்த ஆண்டின் விளைச்சல் அங்கேயே இருப்பதைக் காணலாம். பருத்து உருண்டிருப்பவை பூமொட்டுகள். ஒடுங்கிக் கிளையோடு ஒட்டியிருப்பவை இலைமொட்டுகள். கத்தரிக்கும் ஒவ்வொரு முறையும் விவசாயி அடுத்த ஆண்டுப் பழங்களில் சிலவற்றைத் தெரிந்தே இழக்கிறார். குறைவாக வெட்டினால் பழம் சிறுக்கும். அளவுக்கு மீறி வெட்டினால் மரம் வேறு விதமாக எதிர்வினை காட்டும்: வேர் பெரிதாகவும் கிளை குறைவாகவும் இருப்பதால், வேர் அனுப்பும் நீரும் உணவும் எஞ்சிய கிளைகளில் பாய்ந்து, வானை நோக்கிச் செங்குத்தாக நீண்ட தளிர்கள் கிளம்பும். அவை பழம் தருவதில்லை. மீண்டும் நிழலைத்தான் தரும்.

இப்போது மரத்தின் உறக்கத்திற்கு வருவோம். நம் நாட்டு மரங்களுக்கு இப்படியோர் உறக்கம் இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் உள்ள இடத்தில் வாழ்வதால், அவை குளிருக்கு அஞ்சி ஒடுங்க வேண்டிய தேவையில்லை. குளிர்நாட்டு மரமோ, ஆண்டுதோறும் தன் உடலில் உள்ள நீரே பனிக்கட்டியாகும் ஆபத்தை எதிர்கொள்கிறது. உயிரணுவுக்குள் நீர் உறைந்தால் அந்த உயிரணு இறந்துவிடும். அதனைத் தவிர்க்க மரம் முன்கூட்டியே ஆயத்தமாகிறது. பகல் குறுகத் தொடங்கியதும் வளர்ச்சியை நிறுத்துகிறது. இலைகளில் உள்ள சத்துகளை உறிஞ்சித் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. உயிரணுக்களில் சர்க்கரையின் அளவு கூடுகிறது. குளிர் கூடக் கூட, உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரில் ஒரு பகுதி வெளியே கசிந்து, உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் பனிக்கட்டியாக உறைகிறது. உள்ளே எஞ்சும் சாறு அடர்த்தியாக இருப்பதால் எளிதில் உறைவதில்லை.

இந்த ஆயத்தம் ஒரே இரவில் முடிவதன்று. வாரக்கணக்கில் படிப்படியாக நடப்பது. நன்கு பழகிவிட்ட ஆப்பிள் மரம் ஜனவரி மாதத்தில் உறைநிலைக்குக் கீழ் 25 பாகை செல்சியஸ் குளிரையும் தாங்கிவிடும். ஆனால், அதே மரம் அக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ அந்தக் குளிரைச் சந்தித்தால் பிழைக்காது. இலை உதிர்ந்துவிட்டது என்பதற்காக மரம் உறங்கிவிட்டதாகப் பொருள் கொள்ளக்கூடாது. நெடும்பயணம் புறப்படும் குடும்பம், வாசல் விளக்கை அணைத்த பிறகும் உள்ளே பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருப்பதில்லையா? இலையுதிர்காலத்தின் இறுதியில் மரமும் அந்த நிலையில்தான் இருக்கிறது.

மரம் ஆயத்தமாவதற்குள் குளிர் வந்துவிட்டால் என்ன நேரும் என்பதை 1940ஆம் ஆண்டு அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்கள் கண்டன. அவ்வாண்டு இலையுதிர்காலம் வழக்கத்தைவிட இதமாக இருந்தது. நவம்பர் 11ஆம் நாள் காலையில்கூடப் பல இடங்களில் மெல்லிய உடையோடு மக்கள் வெளியே நடமாடினர். அன்றே கடும்புயல் வீசி, சில மணி நேரத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சரிந்தது. ஏறத்தாழ 150 பேர் அந்தப் புயலில் உயிரிழந்தனர். ஐயோவா, நெப்ராஸ்கா, மிசௌரி முதலிய மாநிலங்களில் ஆப்பிள் மரங்களும் பெருமளவில் மடிந்தன. அந்த மரங்கள் அதற்கு முன் எத்தனையோ ஜனவரி மாதங்களில் அதைவிடக் கொடிய குளிரைத் தாங்கியவை. இம்முறை குளிரின் அளவைவிட அது வந்த வேளைதான் அவற்றைக் கொன்றது. அக்காலத்தில் ஐயோவா ஆப்பிள் விளைச்சலில் முன்னணியில் இருந்த மாநிலங்களுள் ஒன்று. புதிய மரம் நட்டால் நிறைவாகக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், விவசாயிகள் பலர் மீண்டும் ஆப்பிள் நடவில்லை. அந்நிலங்களில் சோளமும் சோயாவும் இடம்பிடித்தன. இன்று ஐயோவா என்றதும் யாருக்கும் ஆப்பிள் நினைவுக்கு வருவதில்லை.

கத்தரித்தலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கிளையை வெட்டும்போது மரத்தில் காயம் ஏற்படுகிறது. அந்தக் காயத்தைச் சுற்றியுள்ள பகுதி விழித்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்குகிறது. அதனால், வெட்டிய பிறகு சுமார் இரண்டு வாரம் வரை அப்பகுதியின் குளிர் தாங்கும் ஆற்றல் குறைந்திருக்கும். ஜனவரி முடிவிலோ பிப்ரவரியிலோ வெட்டினால், மரம் ஏற்கெனவே உச்ச ஆற்றலோடு இருப்பதால் இந்தச் சிறிய குறைவு பெரிதாகத் தெரியாது. நவம்பரில் வெட்டினாலோ, பாதி ஆயத்தத்தில் இருக்கும் மரத்தின் ஆற்றலை மேலும் குறைத்தவர்களாவோம். அடுத்த வாரமே திடீர்க் குளிர் வந்தால் வெட்டுக்கு அருகில் பட்டை கருகி, கிளை பின்னோக்கிக் காய்ந்துபோகும். வராமலும் போகலாம். ஐந்து ஆண்டுகள் நவம்பரில் வெட்டி ஒன்றும் ஆகாமல் தப்பித்தவர் ஆறாம் ஆண்டில் அகப்பட்டுக்கொள்வதும் உண்டு. இந்த நிச்சயமின்மைதான் சிக்கலே.

காயத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. நம் கையில் கீறல் பட்டால் பழைய தோலின் இடத்தில் புதிய தோல் வளர்ந்து ஆறிவிடும். மரத்தின் காயம் அப்படி ஆறுவதில்லை. காயம்பட்ட பகுதியை மரம் உள்ளே சுவர் எழுப்பித் தனிமைப்படுத்துகிறது. பிறகு சுற்றிலும் புதிய திசுவை வளர்த்து மெல்ல மூடுகிறது. வளர்ச்சி நின்றுபோன குளிர்காலத்தில் இந்த வேலை நடக்காது. நவம்பரில் ஏற்பட்ட காயம் வசந்தம் வரும்வரை நான்கைந்து மாதங்கள் திறந்தே கிடக்கும். பிப்ரவரி இறுதியில் ஏற்பட்ட காயமோ சில வாரங்களிலேயே மூடத் தொடங்கிவிடும்.

இதனால்தான் அவோமோரியில் கத்தரிப்பு வேலை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நடைபெறுகிறது. அப்போது தோட்டம் முழுவதும் பனி மூடியிருக்கும். அவோமோரி நகரில் ஒரு குளிர்காலத்தில் பொழியும் பனியை மொத்தமாகக் கூட்டினால் ஐந்து மீட்டரைத் தாண்டும். அந்தப் பனியில் காலைப் பதித்து நடந்து, மரத்திற்கு மரம் நின்று, வெட்டுவதற்கு முன் விவசாயி அதனைச் சுற்றி வந்து பார்க்கிறார். பனி இறுகிப் படிந்துவிட்டால் கோடையில் எட்டாத கிளையும் கைக்கு எட்டும் என்பது ஒரு வசதி. இந்தக் கலையைக் கற்றுத் தேறப் பல ஆண்டுகள் ஆகும். ஏனெனில், இன்று வெட்டியதன் விளைவு அடுத்த கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும்தான் தெரியவரும்.

அப்படியானால் பனிக்காலம் முடியும்வரை மரத்தைத் தொடாமலே விட்டுவிடலாமா என்றால், அதுவும் முடிவதில்லை. பனி கிளைகளின் மேல் குவிந்து எடையால் அவற்றை முறிக்கும். தாழ்ந்த கிளைகள் பனிக்குள் புதைந்துபோனால் ஆபத்து இன்னும் அதிகம். மேற்பரப்புப் பனி உருகி அமுங்கும்போது, புதைந்த கிளையையும் சேர்த்துக் கீழே இழுக்கும். அந்த இழுப்பில் கிளை தண்டோடு சேரும் இடத்தில் பிளந்துவிடும். 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவோமோரியில் வழக்கத்தை மிஞ்சிப் பொழிந்த பனியில் எண்ணற்ற ஆப்பிள் கிளைகள் இவ்வாறு முறிந்தன. பனியைத் தோண்டிக் கிளைகளை மீட்பதற்குக்கூட விவசாயிகளால் சில தோட்டங்களுக்குள் நுழைய முடியவில்லை.

ஆகவே, பனி மிகுந்த இடங்களில் இலையுதிர்காலத்தின் இறுதியில் ஒருவகை முன்வேலை நடைபெறுகிறது. பனியைத் தாங்கிக் குவித்துவைக்கும் அடர்ந்த கிளைகள், செங்குத்தாக நீண்ட தளிர்கள், ஏற்கெனவே முறிந்தும் காய்ந்தும் போனவை ஆகியவற்றை மட்டும் நீக்குகிறார்கள். முதன்மைக் கிளைகளுக்குக் கம்புகளை முட்டுக் கொடுக்கிறார்கள். நுணுக்கமான கத்தரிப்பைப் பின்னால் வைத்துக்கொள்கிறார்கள். பனியால் முறிவது நிச்சயமான இழப்பு; குளிரால் கருகுவது நேரக்கூடிய இழப்பு. இரண்டையும் எடைபோட்டு, குறைவாக வெட்டிவிட்டுக் காத்திருப்பதே அவர்கள் கண்ட வழி. எனக்கு இது விதியைப் பின்பற்றுவதைவிடக் கடினமான வேலையாகத் தோன்றுகிறது.

ஆள் பற்றாக்குறையும் இந்தக் கணக்கில் சேர்கிறது. தோட்டம் பெரிதாகவும் கைகள் குறைவாகவும் இருந்தால், மொட்டு விரிவதற்குள் எல்லா மரங்களையும் வெட்டி முடிக்க இயலாது. அவோமோரியில் விவசாயிகள் முதுமையடைந்து வருகின்றனர். இளையோர் பலர் நகரங்களுக்குச் சென்றுவிடுகின்றனர். முன்கூட்டியே தொடங்கித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி குளிர்நாட்டுத் தோட்டக்காரர் பலருக்கும் உண்டு. அத்தகையோர் குளிரை நன்கு தாங்கும் வகைகளையும் வலுவான முதிர்ந்த மரங்களையும் முதலில் வெட்டுவர். இளங்கன்றுகளையும் குளிருக்கு அஞ்சும் வகைகளையும் கடைசிவரை தொடமாட்டார்கள்.

குளிர் மிதமான நாடுகளில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் ஆப்பிள், பேரிக்காய் மரங்களை நவம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை எப்போது வேண்டுமானாலும் வெட்டுகிறார்கள். அங்கு உறைநிலைக்குக் கீழ் 20 பாகை என்பதெல்லாம் அரிது. எனவே, ஆங்கிலேயத் தோட்ட நூல் ஒன்றைப் படித்துவிட்டு வட அமெரிக்காவின் உட்பகுதியில் ஒருவர் நவம்பரில் கத்தரியோடு இறங்கினால் வருந்த நேரிடலாம். நூல் தவறன்று, அது வேறோர் ஊருக்கு எழுதப்பட்டது.

அந்த இங்கிலாந்திலும் இலையுதிர்காலத்தில் தொடக்கூடாத மரங்கள் உண்டு. பிளம், செர்ரி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. வெள்ளியிலை நோய் என்ற பூஞ்சை நோயே இதற்குக் காரணம். அந்தப் பூஞ்சையின் கண்ணுக்குத் தெரியாத நுண்வித்துகள் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் ஈரக்காற்றில் மிகுதியாகப் பரவுகின்றன. புதிய வெட்டின் மேல் விழுந்தால் உள்ளே நுழைந்து தண்டைத் தாக்குகின்றன. பூஞ்சை சுரக்கும் நச்சு இலைக்கு ஏறும்போது, இலையின் மேல்தோல் உட்பகுதியிலிருந்து சற்று விலகிக்கொள்கிறது. இடையில் புகும் காற்றின் மேல் ஒளி பட்டு இலை வெள்ளி போல மின்னுகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால், கிளை உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். ஆகவே, பிளம் மரத்தைக் கோடையில்தான் கத்தரிக்கிறார்கள். வறண்ட காற்றில் அப்போது நுண்வித்துகள் குறைவு. மரமும் விழித்திருப்பதால் காயத்தை உடனே மூடத் தொடங்கும்.

கொட்டை தரும் மரங்களுள் வால்நட்டின் கதை இன்னும் வேறுபட்டது. அக்ரூட் என்றும் நாம் சொல்லும் இந்த மரத்தைக் குளிர்காலத்தின் இறுதியில் வெட்டினால், வெட்டிய இடத்திலிருந்து சாறு சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருக்கும். இரவில் உறைந்து பகலில் உருகும் காலத்தில் அதன் தண்டுக்குள் அழுத்தம் கூடுவதே அதற்குக் காரணம். கனடாவில் மேப்பிள் மரத்தைத் துளைத்து இனிப்புச் சாறு இறக்குவதும் இதே இயல்பைப் பயன்படுத்தித்தான். ஆப்பிளுக்கு நல்ல காலமான பிப்ரவரி, வால்நட்டுக்கு ஆகாத காலம். அதனைக் கோடையின் நடுப்பகுதிக்கும் இலையுதிர்காலத் தொடக்கத்திற்கும் இடையில், இலைகள் இருக்கும்போதே வெட்டிவிடுகிறார்கள். ஹேசல் கொட்டை மரத்திற்கோ குளிர்காலத்தின் இறுதிதான் ஏற்ற காலம். அதன் தொங்கும் பூக்கள் அப்போது மகரந்தத்தை உதிர்த்துக்கொண்டிருக்கும். வெட்டும்போது கிளைகள் குலுங்குவதால் மகரந்தம் பரவி, காய்ப்பிற்கும் துணையாகிறது.

காலம் எதுவாக இருந்தாலும் வெட்டும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போலச் சற்றுப் புடைத்த பகுதி ஒன்று இருக்கும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. அதனைச் சேதப்படுத்தாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்ட வெட்டினால் அப்புடைப்பும் போய்விடும். நீளமாக விட்டு வெட்டினால் எஞ்சிய கட்டை காய்ந்து அழுகும். கனமான கிளையை மேலிருந்து ஒரேயடியாக அறுத்தால், பாதியில் அது முறிந்து விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். எனவே, முதலில் கிளையின் அடிப்புறத்தில் சிறிது அறுத்துக்கொண்டு, பிறகு மேலிருந்து அறுப்பார்கள். மழையில்லாத நாளைத் தேர்ந்தெடுப்பதும், நோயுற்ற மரத்தை வெட்டியபின் கத்தரியைச் சாராயத்தால் துடைப்பதும் நல்ல வழக்கங்கள். வெட்டிய இடத்தில் மருந்துப்பசை பூசலாமா என்பதில் மட்டும் நாட்டுக்கு நாடு கருத்து வேறுபடுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொதுவாகப் பூசுவதில்லை. ஜப்பானில் பெரிய வெட்டுகளுக்குப் பூசுகிறார்கள்.

அவோமோரி மாநிலத்தில் ஹிரோசாகி என்ற நகரம் உள்ளது. ஆப்பிள் தோட்டங்களால் சூழப்பட்ட அந்நகரத்தின் கோட்டைப் பூங்காவில் சுமார் 2,600 செர்ரி மரங்கள் நிற்கின்றன. பழத்திற்காக அன்றிப் பூவின் அழகுக்காகவே வளர்க்கப்படும் மரங்கள் அவை. செர்ரியை வெட்டுபவன் முட்டாள், உமே மரத்தை வெட்டாதவனும் முட்டாள் என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. செர்ரி மரத்தின் காயம் எளிதில் அழுகிவிடும் என்பதால் எழுந்த எச்சரிக்கை அது. ஆனால், ஹிரோசாகியின் மரக்காப்பாளர்கள் அண்டைத் தோட்டங்களின் ஆப்பிள் கத்தரிப்பு முறையைச் செர்ரிக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். கடுங்குளிர் நிலவும் பனிக்காலத்தில் முதிர்ந்த கிளைகளை வெட்டி, காயங்களுக்கு மருந்துப்பசை பூசி, இளம் கிளைகள் எழ வழிவிட்டார்கள். இவ்வகைச் செர்ரி மரத்தின் ஆயுள் அறுபது ஆண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹிரோசாகியிலோ நூறாண்டைக் கடந்த மரங்கள் பல இருக்கின்றன. 1882இல் நடப்பட்ட ஒரு மரம் இன்னும் பூக்கிறது.

குளிர்நாட்டுப் பழமரங்களின் மொட்டுகளுக்கு இன்னொரு விந்தையான பண்பு உண்டு. குளிரைத் தாங்குவதோடு, அவற்றிற்குக் குளிர் தேவையாகவும் இருக்கிறது. பெரும்பாலான ஆப்பிள் வகைகளின் மொட்டுகள் 7 பாகை செல்சியசுக்கும் குறைவான குளிரில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் இருந்த பிறகே விழிப்பதற்கு இசைகின்றன. நம் நாட்டின் தாழ்நிலத்தில் ஃபூஜி மரத்தை நட்டால் அது காய்க்காததற்கு இதுவே காரணம். கிழக்கு ஜாவாவின் மலாங், பத்து மலைப்பகுதியில் ஆப்பிள் விளைவிக்கும் விவசாயிகள் இதற்கு ஓர் உத்தியைக் கண்டுபிடித்தார்கள். பழம் பறித்தபின் மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவிவிடுகிறார்கள். மரம் ஆழ்ந்து உறங்குவதற்கு முன்பே மொட்டுகள் விரிந்துவிடுகின்றன. அங்குக் குளிர்காலமே இல்லாமல் ஆண்டுக்கு இருமுறை ஆப்பிள் பறிக்கிறார்கள்.

ஹிரோசாகியின் செர்ரி மொட்டுகளுக்கும் இத்தகைய குளிர் தேவை. நவம்பரில் ஒரு கிளையை ஒடித்து வந்து சூடான அறையில் நீரில் வைத்தால், எத்தனை நாள் காத்திருந்தாலும் பூக்காது. பிப்ரவரி இறுதிக்குள் அதன் குளிர்த் தேவை நிறைவேறிவிடும். பிறகு வேண்டியது கொஞ்சம் வெப்பம்தான். பூங்காவில் அந்நாட்களில் வெட்டப்படும் கிளைகளை அள்ளி எரித்துவிடாமல் நகர மக்களுக்கு வழங்குகிறார்கள். வெளியே பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கும்போதே, வீடுகளில் பூச்சாடிகளில் வைத்த அந்தக் கிளைகள் மலரத் தொடங்குகின்றன. பூங்காவின் மரங்கள் பூப்பதற்கு ஏப்ரல் பிற்பகுதி ஆகும்.